நாயின் குளிப்பும் யாழ்ப்பாணத்துத் தண்ணீரும்

யாழ்ப்பாணத்துத் தமிழில் குளிப்புக்குப் பல சொற்கள் உண்டு. உடம்புக்கு மட்டும் தண்ணீர் வார்த்தால் அது மேல் கழுவுதல். தலையோடு வார்த்தால் முழுகுதல் அல்லது தோய்தல். குழந்தைக்கோ நோயாளிக்கோ இன்னொருவர் தண்ணீர் வார்த்தால் குளிக்க வார்த்தல். வெள்ளிக்கிழமை முழுக்கு, தீபாவளி முழுக்கு, செத்தவீட்டுக்குப் போய்வந்த தோய்வு என ஒவ்வொன்றுக்கும் நாளும் முறையும் வகுக்கப்பட்டிருந்தன. மாட்டைக் குளிப்பாட்டுவதற்குப் பட்டிப்பொங்கல் என்று ஒரு திருநாளே இருக்கிறது. நாயைக் குளிப்பாட்டுவதற்கு மட்டும் பழைய வழக்கில் சொல்லும் இல்லை, நாளும் இல்லை.

இன்று நிலைமை வேறு. வீட்டில் நாய் வளர்ப்போர் மிருக வைத்தியரிடம் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "எத்தனை நாளுக்கு ஒருதரம் இதைக் குளிக்க வார்க்க வேண்டும்?" என்பது. எனக்குத் தெரிந்த வீடுகளில் சிலர் நாள்தோறும் வார்க்கிறார்கள். சிலர் ஆண்டுக்கு ஒருமுறைகூட வார்ப்பதில்லை. இரண்டு தரப்பாரும் தாங்கள் செய்வதே சரி என்று நினைக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விடை உண்டு. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் தருகிறேன். அதற்கு முன்னர், இக்கேள்வி எங்கள் ஊரில் ஏன் இத்தனை காலம் எழவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஏனெனில் அது நாயைப் பற்றிய கதை மட்டுமன்று. தண்ணீரைப் பற்றிய கதையுமாகும்.

கிணறும் பங்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. வழுக்கியாறு என்று ஒன்றுண்டு. அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. ஆண்டுக்கு 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை பெய்யும் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த நீர் நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புக் கற்பாறைகளின் துவாரங்களிலும் வெடிப்புகளிலும் இறங்கித் தேங்குகிறது. அங்கே கீழிருப்பது கடலின் உப்புநீர். அதன்மேல் ஒரு போர்வை போல மிதப்பதே எங்கள் நன்னீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் போர்வை மெலிந்து உப்பு மேலே வரும். நேற்று நல்ல தண்ணீராக இருந்த கிணறு இன்று சவர்த் தண்ணீர் ஆகிவிட்டதென்று மக்கள் சொல்வதன் காரணம் இதுதான். தீவுப்பகுதிகளில் இந்தப் போர்வை இன்னும் மெல்லியது. அங்கே நல்ல தண்ணீருக்கு நெடுந்தூரம் நடந்த தலைமுறைகள் உண்டு.

ஆகவே தண்ணீர் இங்கு சொத்து. காணி உறுதிகளைப் படித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வளவின் எல்லைகளைச் சொல்லிவிட்டு, கிணற்றில் இத்தனை பங்கு என்றும், அதற்குரிய வழி வாய்க்கால் உரிமை என்றும் எழுதியிருப்பார்கள். சகோதரர் நால்வருக்கு ஒரு கிணறு என்றால் இறைப்பு முறையும் நால்வருக்கும் பங்கு. பொழுது விடியுமுன்னே துலா மிதிக்க இருவர், பட்டை பிடிக்க ஒருவர், பாத்தி மாற ஒருவர் எனப் புகையிலைக்கும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறைத்த காலம் அது. கையால் அள்ளிய தண்ணீரின் ஒவ்வொரு வாளியிலும் யாருடையதோ ஒருவருடைய தோள்வலி இருந்தது.

அந்தக் கணக்கில் மாட்டுக்கு இடம் இருந்தது. அது உழுதது, வண்டி இழுத்தது, பால் தந்தது. தெருவோரங்களில் மாடுகள் தண்ணீர் குடிக்கத் தொட்டியும், உடம்பு தினவெடுத்தால் உரோஞ்ச ஆவுரோஞ்சிக் கல்லும், வழிப்போக்கர் பாரம் இறக்கச் சுமைதாங்கியும் கட்டிவைத்தார்கள். இவற்றைக் கட்டுவது தருமமாகக் கருதப்பட்டது. நாய்க்கென்று எவரும் எதுவும் கட்டியதாக நான் அறியேன். கோடைகாலத்தில் கிணற்றடி வாழைப்பாத்தியின் ஈரமண்ணைக் கிளறிவிட்டு அதற்குள் சுருண்டு படுப்பதே நாய்க்குக் கிடைத்த குளிர்ச்சி. அதற்கும் வீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்க வேண்டும்.

இதைக் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எங்கள் ஊர்நாய் குட்டை மயிருள்ளது, மெலிந்த உடல்வாகு கொண்டது, வெப்பத்துக்குப் பழகியது. மண்ணில் புரண்டு உதறினால் அதன் மயிரில் ஒட்டிய அழுக்கில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். குளிப்பில்லாமலே அது வாழ்ந்ததற்கு அதன் தோலே காரணம். எனவே தண்ணீர் இல்லாமை ஒரு காரணம், தேவை குறைவாக இருந்தமை இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் ஒன்றும் இருந்தது. அதுதான் சங்கடமானது.

தொட்டவர் குளித்தார்

நாய் குளிக்கவில்லை, நாயைத் தொட்டவர் குளித்தார். சைவ ஆசாரங்களை வகுத்த நூல்கள் தீண்டினால் குளிக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டன. அப்பட்டியலில் நாயும் கழுதையும் பன்றியும் இருந்தன. அதே பட்டியலில் மனிதரும் இருந்தனர். பிறப்பினால் தாழ்ந்தோர் என்று ஒதுக்கப்பட்டவர்களை விலங்குகளோடு ஒரே வரிசையில் வைத்து எழுதுவதில் அக்காலத்து ஆசாரவாதிகளுக்குக் கூச்சம் இருக்கவில்லை.

கிணற்றடியில் இந்த வரிசை எப்படி நடைமுறையானது என்பதை எங்கள் தலைமுறை கண்டிருக்கிறது. ஒதுக்கப்பட்ட சாதியினர் கிணற்றுக் கயிற்றில் கைவைக்க முடியாது. குடத்தை வைத்துவிட்டு, யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். வளவு நாய் தொட்டியில் வாய்வைத்தால் கல்லெறிந்து விரட்டித் தொட்டியைக் கழுவுவார்கள். ஒதுக்கப்பட்ட மனிதர் ஒருவர் கயிற்றைத் தொட்டுவிட்டாரென்று கிணற்றையே இறைத்துத் தீட்டுக் கழித்த கதைகளை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வகையில் பார்த்தால் நாயின் நிலை சற்று மேலானதாகவே இருந்தது. கே. டானியல் தமது நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார் என்பது தற்செயலானதன்று.

ஆங்கிலேயர் எங்கள் தெருநாய்க்கு வைத்த பெயரும் இந்த வரலாற்றின் ஒரு துண்டுதான். பறையர் என்ற சமூகப் பெயரை எடுத்து 'பரையா' என்று உச்சரித்து, ஒதுக்கப்பட்ட எவருக்கும் அதைப் பொதுச்சொல்லாக்கினார்கள். பின்னர் வீடற்ற நாய்க்கும் 'பரையா நாய்' என்று பெயர் சூட்டினார்கள். பறை கொட்டிய மக்களின் பெயர் உலகத்து அகராதிகளில் ஒரு நாயினத்தின் பெயராகவும் பதிவாகியது. நாய் ஆர்வலர்கள் சிலர் இப்போது அப்பெயரைக் கைவிட்டு வேறு பெயர்களைப் பயன்படுத்துகிறார்கள் என்பது ஆறுதலானது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு முரண்பாடும் உண்டு. யாழ்ப்பாணத்தில் வைரவர் கோயில் இல்லாத குறிச்சியைக் காண்பது அரிது. வைரவரின் வாகனம் நாய். திருவுருவத்துக்குப் பாலும் இளநீரும் அபிஷேகம் செய்யும்போது பின்னால் நிற்கும் கல்நாயின் மீதும் அது வழிந்தோடும். வீதியில் நிற்கும் உயிருள்ள நாய் உள்ளே வந்தால் தடி எடுப்பார்கள். கல்லாக இருந்தால் அபிஷேகம், உயிராக இருந்தால் தீட்டு என்பதை நாங்கள் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொண்டு வளர்ந்தோம்.

1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் சாதியின் பெயரால் தடை விதிப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்த கையோடு கிணறுகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் நடந்த போராட்டங்களும், 1968 இல் மாவிட்டபுரத்தில் நடந்தவையும் சேர்ந்தே பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தன. நாயைக் குளிக்க வார்ப்பதென்பது, அதைத் தொடுவது தீட்டு என்ற எண்ணம் தளர்ந்தபின் வந்த பழக்கம். மனிதரைத் தொடுவது தீட்டென்ற எண்ணம் தளரத் தொடங்கியதும் அதே காலகட்டத்தில்தான்.

தகடும் சாதி நாயும்

நாயைப் பற்றி அரசு கவலைப்படத் தொடங்கியது அதன் அழுக்கினால் அன்று, அதன் கடியினால். பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 ஆம் திகதி விசர்நாய் கடித்த சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி ஏற்றினார். எட்டாண்டுகளின் பின் 1893 இல் இலங்கையில் விசர்நாய்க்கடி நோய் தொடர்பான கட்டளைச்சட்டம் வந்தது. 1901 இல் நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச்சட்டம் வந்தது. அன்றுமுதல் நாய்கள் சட்டத்தின் கண்ணில் இரு வகையாயின: பதிவுள்ளது, பதிவில்லாதது. பதிவுள்ளதற்கு ஓர் எசமான் இருந்தார். பதிவில்லாதது கட்டாக்காலி, அதைப் பிடிக்கலாம், கொல்லலாம்.

ஏறத்தாழ அக்காலத்திலேயே ஐரோப்பாவில் நாயினங்கள் வகுக்கப்பட்டு ஏட்டில் ஏறிக்கொண்டிருந்தன. விக்டோரியா மகாராணியார் 1888 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் சிறிய பொமரேனியன் ஒன்றை வாங்கியபின் அவ்வினம் புகழ்பெற்றது. ஜெர்மனியில் 1899 இல் உருவாக்கப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தை, முதல் உலகப் போரின் கசப்பினால், பிரித்தானியர் 1919 இல் 'அல்சேஷன்' என்று பதிந்தார்கள். அவர்கள் 1977 இல் பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அது இன்னும் அல்சேஷன்தான்.

இவ்விரு இனங்களும் குளிர்நாட்டுக்கு உரியவை. வெளியே நீண்ட மயிரும் உள்ளே பஞ்சு போன்ற மயிருமாக இரட்டைப் போர்வை கொண்டவை. இவை எங்கள் வீடுகளுக்கு வந்தபோது, ஊர்நாய்க்கு இல்லாத தேவைகளும் கூடவே வந்தன: சங்கிலி, கூடு, இறைச்சி, சீப்பு, சவர்க்காரம், குளிப்பு. இவற்றுக்கு எங்கள் மக்கள் வைத்த பெயரைக் கவனிக்க வேண்டும். 'சாதி நாய்' என்றார்கள். மற்றது ஊர்நாய். கிணற்றுக் கட்டில் சாதி நாய் சவர்க்கார நுரையோடு நிற்க, வேலிக்கு வெளியே ஊர்நாய் நின்று பார்க்கும். மனிதருக்குச் செய்த பாகுபாட்டை நாய்க்கும் அதே சொல்லாலேயே செய்தோம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். விசர்நாய்க்கடி நோய்க்கு நீர்வெறுப்பு நோய் என்றும் பெயர். நோய் முற்றிய மனிதர் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகித் துடிப்பதால் வந்த பெயர் அது. ஆனால் அது மனிதரில் காணும் குணம். விசர் பிடித்த நாய் தண்ணீருக்கு அஞ்ச வேண்டும் என்றில்லை. குடிக்கவும் முயலும், குளத்தில் இறங்கவும் கூடும். "குளிக்க வார்க்கும்போது பேசாமல் நின்றது, ஆகவே இதற்கு விசர் இல்லை" என்று முடிவெடுப்பது உயிரோடு விளையாடுவதாகும். நாய் தண்ணீரைக் கண்டு ஓடுவதும் விசருக்கு அடையாளமன்று; பெரும்பாலான நாய்களுக்குக் குளிப்பு பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

சவர்க்காரம் இல்லாத காலம்

எண்பதுகளில் இரவு நேரங்களில் நாய்களே எங்களுக்குச் செய்தியாளர்கள். எந்தத் திசையில் முதலில் குரைக்கிறது, குரைப்பு எந்தத் தெருவால் நகர்கிறது என்பதை வைத்து ஆட்கள் நடமாடும் பாதையை வீட்டுக்குள் இருந்தபடியே மக்கள் கணித்தார்கள். நானும் படுக்கையில் கிடந்தபடி அதைக் கணித்திருக்கிறேன். அக்காலத்தில் நாய் குளித்திருக்கிறதா என்று எவரும் பார்க்கவில்லை; குரைக்கிறதா என்றே பார்த்தார்கள்.

1990 இல் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் பொன்னாகியதால் இறைப்பு இயந்திரங்கள் ஓய்ந்தன. கைவிடப்பட்ட துலாக்களும் கப்பிகளும் மீண்டும் வேலைக்கு வந்தன. சவர்க்காரத்துக்குக் கடுந்தட்டுப்பாடு. அப்போது எங்கள் மக்களுக்குக் கைகொடுத்தது பனம்பழம். பனங்களியைத் தண்ணீரில் கரைத்து உடுப்புத் தோய்த்தார்கள், அது நுரைத்தது. பனம்பழத்தில் சவர்க்காரம்போல நுரைக்கும் சபோனின் வகைப் பொருள் உண்டென்பதை இலங்கை ஆய்வாளர்கள் பின்னர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். காயப்போட்ட உடுப்பைப் பழத்தின் மணத்துக்கு மாடு வந்து சப்பிவிட்டுப் போகும் என்பதே அதிலிருந்த ஒரே தொல்லை. மனிதருக்கே சவர்க்காரம் இல்லாத அக்காலத்தில் நாய்க்கு எங்கே போவது? சாதி நாயும் ஊர்நாயும் சமமான காலம் அது. சாதி நாய்கள்தாம் அதிகம் துன்பப்பட்டன. அவற்றின் அடர்ந்த மயிருக்குள் உண்ணியும் தெள்ளும் பெருகின. தோல் வெடித்துச் சொறி பிடித்தது. ஊர்நாய் முன்னைப் போலவே மண்ணில் புரண்டு உதறிவிட்டுப் போனது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள், கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நகர்ந்தார்கள். அடியெடுத்து வைக்க இடமில்லாத அந்த நெரிசலில் நாயைக் கூட்டிச் செல்ல முடியவில்லை. சங்கிலியை அவிழ்த்துவிட்டு, இருந்த சோற்றைக் கொட்டிவிட்டு, படலையைத் திறந்துவைத்துவிட்டு வந்ததாகப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டைப் பற்றிச் சொல்லும்போது கலங்காத ஆண்கள் நாயைப் பற்றிச் சொல்லும்போது குரல் தடுமாறியதைக் கண்டிருக்கிறேன்.

1996 ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். கூரையில்லாத வீடு, காடாகிய வளவு, குப்பை மிதந்த கிணறு. பல நாய்கள் இல்லை. சில, ஆளைக் கண்டால் ஓடும் கூட்டங்களாக மாறியிருந்தன. சில மட்டும் அந்த வளவைவிட்டுப் போகாமல் இருந்தன. எனது அயலவர் ஒருவர், தம்முடைய பழைய நாய் படலையடியில் எலும்பும் தோலுமாக நின்றதையும், அருகே வராமல் தூர நின்று வாலை மட்டும் ஆட்டியதையும் சொன்னார். அக்காலத்தில் திரும்பிய எவரும் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிய பின்னரே தண்ணீரைப் பயன்படுத்தினார்கள். இறைத்த அந்தப் பழந்தண்ணீரின் ஒரு வாளியைத்தான் அவர் முதலில் நாயின் மேல் வார்த்தாராம். "நான் குளிக்க முன்னம் அது குளிச்சிட்டுது" என்றார். தொட்டால் தீட்டு என்று வளர்ந்த ஒரு மனிதர் அவர். எங்கள் சமூகத்தில் நாய்க்கும் மனிதருக்கும் இடையிலிருந்த தூரம் குறைந்த விதத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

எத்தனை நாளுக்கு ஒருதரம்?

2002 இல் ஏ-9 வீதி திறந்தபின் கொழும்பிலிருந்து பொருள்கள் வந்தன. 2009 இல் போர் முடிந்தபின் வெளிநாட்டுப் பணமும் வந்தது. லாப்ரடோர், ரொட்வைலர், பக், ஷிட்சு எனப் புதிய இனங்களும், அவற்றுக்கான ஷாம்பூப் போத்தல்களும் வந்தன. மின்சார மோட்டர் ஆழியைத் தட்டினால் தண்ணீர் பாய்கிறது. குளிப்பே அறியாதிருந்த ஊரில் இப்போது அளவுக்கு மிஞ்சிய குளிப்பு ஒரு பிரச்சினையாகியிருக்கிறது.

நாயின் தோல் மனிதத் தோலைப் போன்றதன்று. அது மெல்லியது. எங்கள் தோல் சற்றே அமிலத் தன்மை கொண்டது; நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. எங்களைப் போல உடம்பு முழுவதும் வியர்வை வழிய விட்டு அது வெப்பத்தைத் தணிப்பதில்லை. நாக்கை நீட்டி இரைத்தே தணிக்கிறது. ஆகவே வியர்வை நாற்றம் போக்க நாள்தோறும் குளிக்க வேண்டிய தேவை அதற்கில்லை. தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையே அதற்குக் கவசம். அடிக்கடி சவர்க்காரம் போட்டால் அந்தக் கவசம் கழன்று தோல் வறண்டு சொறியத் தொடங்கும். சொறிகிறதே என்று மீண்டும் குளிக்க வார்ப்போம். வறட்சி இன்னும் கூடும்.

பொதுவான கணக்கு இதுதான். ஊர்நாய், டோபர்மன் போன்ற குட்டை மயிர் நாய்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போதும். இடையில் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். அல்சேஷன், லாப்ரடோர், பொமரேனியன் போன்ற இரட்டைப் போர்வை நாய்களுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போதும். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் சீப்புப் போட வேண்டும். இவற்றின் மயிரை வெயிலுக்கென்று மழிப்பது தவறு. அது வெயிலையும் தடுக்கும் போர்வை. பூடில், ஷிட்சு போன்று மயிர் நீண்டு வளரும் நாய்களுக்கு மூன்று முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை வேண்டும். சிக்கெடுத்த பின்னரே தண்ணீர் வார்க்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்கு இறுகிவிடும். கொக்கர் ஸ்பானியல் போன்று எண்ணெய்ப் பசை கூடியவற்றுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை. தொங்கும் காதுகளை நன்கு உலர்த்த வேண்டும். பக் நாய்க்குக் குளிப்பைவிட முகச் சுருக்கங்களைத் துடைப்பதே முக்கியம். எட்டு வாரம் நிறையாத குட்டிகளுக்குக் குளிப்பு வேண்டாம், உடம்பு குளிர்ந்துவிடும். சொறியும் நாய்க்கு வைத்தியர் சொல்லும் மருந்து ஷாம்பூவும் அவர் சொல்லும் கணக்குமே சரி. சேற்றில் புரண்டு வந்த நாய்க்கு எந்தக் கணக்கும் பொருந்தாது. அன்றே கழுவ வேண்டியதுதான்.

யாழ்ப்பாணத்தாருக்கென்று தனியாகச் சில விடயங்கள் உண்டு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறியது, வன்னீர். சவர்க்காரம் அதில் எளிதில் நுரைக்காது. சுண்ணாம்போடு சேர்ந்து வெண்படலமாகத் திரண்டு, மயிரின் அடியில் ஒட்டிக்கொள்ளும். எனவே உடுப்புச் சவர்க்காரம் வேண்டவே வேண்டாம். நாய்க்குரிய ஷாம்பூவைக் குறைவாக இட்டு, வழியும் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். மாரியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இருந்தால் கடைசி அலசலுக்கு அதைப்போல ஒன்றில்லை. கடலில் குளிப்பாட்டினால் நன்னீரால் உப்பை அகற்றியே ஆக வேண்டும். காலை வெயிலில் வார்த்து, மாலைக்குள் அடிமயிர்வரை உலர விட வேண்டும். மாரிக் காலத்தில் ஈரம் தங்கினால் இரட்டைப் போர்வை நாய்களுக்குப் புண் வரும்.

உண்ணிக்காகக் குளிக்க வார்ப்போரே எங்கள் ஊரில் அதிகம். வெறுந்தண்ணீரும் சவர்க்காரமும் தோலில் பற்றிய உண்ணியைக் கொல்வதில்லை. வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கிச் சுவர் வெடிப்புகளிலும் தளபாட இடுக்குகளிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாயை மட்டுமன்றி நாய் படுக்கும் இடத்தையும் துப்புரவாக்க வேண்டும். வைத்தியர் தரும் உண்ணி மருந்தையும் பயன்படுத்த வேண்டும். மருந்தை முதுகுத் தோலில் விட்டால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பைத் தவிர்ப்பது நல்லது. சொறிக்குக் கழிவு ஒயில் பூசுவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் இன்றும் நடக்கிறது. நாய் அதை நக்கும். தோலாலும் நஞ்சு உட்புகும். சொறி மாறுமுன் நாய் செத்துவிடக்கூடும்.

மிஞ்சும் தண்ணீர்

நாயைக் கழுவுவதைவிட அவசரமான கழுவல் ஒன்று உண்டு. நாய் கடித்தால், நகத்தால் பிறாண்டினால், அந்த இடத்தை ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித் தூள் எதுவும் வேண்டாம். கழுவிய கையோடு ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசி போட வேண்டும். நோயின் குணங்குறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது. 1973 இல் இலங்கையில் இந்நோயால் 377 பேர் இறந்தார்கள். 2014 இல் அத்தொகை 19. இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவை நாய்களுக்கும் மனிதருக்கும் ஏற்றிய தடுப்பூசிகளே. நாய்களைச் சுட்டும் நச்சுக் கொடுத்தும் கொன்ற காலத்தில் நோய் ஒழியவில்லை. 2006 இல் கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை என்று அரசு கொள்கை வகுத்தது. அதன்பின் கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்றாயிற்று. குடாநாட்டின் வாசலான இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை கைவிடப்பட்ட நாய்களுக்கென்றே ஒரு சரணாலயம் அமைத்தது. சைவத்தின் பெயரால் நாய் தீட்டாக இருந்த மண்ணில், சைவப் பணி செய்யும் ஓர் அமைப்பே அதைச் செய்தது என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

தண்ணீரின் கதையும் முடிந்துவிடவில்லை. உரமும் மலக்குழியும் சேர்ந்து எங்கள் கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டியிருக்கின்றன. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தை அண்டிய கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம்வரை சென்றது. 2019 இல் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தத் தீர்ப்பாயிற்று. எண்ணெய் மிதக்கும் கிணற்றில் மனிதரும் குளிக்க முடியாது, நாயும் குளிக்க முடியாது. அங்கே சாதியும் இல்லை, இனமும் இல்லை.

ஆகவே வாரந்தோறும் நாய்க்கு வார்க்கும் நான்கு வாளியை மாதத்துக்கு ஒருமுறையாகக் குறைத்தால் நாயின் தோலுக்கும் நல்லது, கிணற்றுக்கும் நல்லது. மிஞ்சும் தண்ணீரில் ஒரு சட்டியைச் சித்திரை, வைகாசி வெயிலில் படலைக்கு வெளியே வையுங்கள். கட்டாக்காலி நாய்க்குக் குளிப்புத் தேவையில்லை, குடிக்கத் தண்ணீர் வேண்டும். வண்டில் மாடுகள் போய்விட்டன. தெருவோரத்துப் பழைய தொட்டிகள் வறண்டு கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றிரண்டையாவது மீண்டும் நிரப்பினால், அதைக் கட்டியவர்கள் நினைத்த தருமம் நாய்க்கும் சேரும்.